கம்பா, வாளா? சிலம்பம் பழக வருகிறவர்கள் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிலம்பம் கற்க வேண்டும் என்ற ஆசை வந்ததும் பலர் முதலில் வாங்குவது வாள் அல்லது சுருள்வாள் (வளையும் மெல்லிய தகட்டு வாள்). பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வகுப்பில் முதல் ஆண்டு முழுவதும் அதைத் தொடவே விடமாட்டார்கள். வீட்டில் தனியாக எடுத்துச் சுற்றினால் காயம் படுவது சுற்றுகிறவருக்கேதான். பழக்கத்துக்கும் தற்காப்புக்கும் முதலில் கையில் எடுக்க வேண்டியது கம்பு. வாள் அதற்குப் பிறகு, அதுவும் களத்துக்குள் மட்டும். எதை, எந்த வரிசையில், என்ன செலவில், எவ்வளவு காலத்தில் செய்வது என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இங்குள்ளவை தோராயமானவை.

1. எதற்காகப் பழகுகிறீர்கள் என்று முதலில் தெளிவாகுங்கள்

உடற்பயிற்சி, போட்டி, தற்காப்பு மூன்றும் ஒரே வகுப்பில் கிடைப்பதுபோலத் தெரியும். உண்மையில் மூன்றுக்கும் பழகும் முறை வேறு. உடற்பயிற்சிக்கு வருகிறவருக்கு ஒற்றைக் கம்பு வீச்சும் காலடி வரிசையும் போதும். போட்டிக்குப் போகிறவர் வீச்சுப் பிரிவா, கம்புச் சண்டையா என்று ஓராண்டுக்குள் தேர்ந்தாக வேண்டும். தற்காப்புக்கு என்று வருகிறவர் எதிராளியோடு ஆடும் பயிற்சி உள்ள வகுப்பைத் தேட வேண்டும். காற்றில் எவ்வளவு வேகமாகக் கம்பு சுற்றினாலும், எதிரில் ஒருவர் அடிக்க வரும்போது எத்தனை அடி தள்ளி நிற்பது என்பது தனியாகப் பழகி வராது.

2. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

எட்டும் தூரம்: சிலம்பக் கம்பின் பொது நீளம் ஐந்தரை அடி, அதாவது சுமார் 168 செ.மீ. அடிப்பக்கத்தைப் பிடித்து வீசும்போது கைக்கு முன்னால் நான்கடி வரை நீண்டு நிற்கும். வாளின் அலகு, அதாவது வெட்டும் தகடு, பெரும்பாலும் 70 முதல் 80 செ.மீ. திறந்த வெளியில் ஒரே அளவு பழக்கம் உள்ள இருவர் நின்றால், வாள்காரர் தன் வாள் எட்டும் தூரத்துக்குள் வருமுன்பே கம்பு அவர் கைவிரலைத் தொட்டுவிடும். ஒடுக்கமான நடையிலும் மாடிப்படியிலும் இது தலைகீழாகும். நெடுங்கம்பைத் திருப்பவே அங்கே இடமிருக்காது.

எடை: 25 மி.மீ. பருமனுள்ள பிரம்புக் கம்பு அரை கிலோவை ஒட்டி இருக்கும். அதையும் இரண்டு கைகள் பகிர்ந்துகொள்கின்றன. இரும்பு வாள் ஏறத்தாழ ஒரு கிலோ. அது முழுவதும் ஒரே மணிக்கட்டில். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதமே மணிக்கட்டு வலியோடு நின்றுபோக இது ஒரு முக்கியக் காரணம்.

பிழை செய்தால் என்ன ஆகும் என்பதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு. கம்பு உருண்டை, எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளில் விளிம்பு போகும் திசையும் வீச்சின் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்றுத் திரும்பினாலும் அலகு பட்டையாகப் போய் மோதும், கைப்பிடி உள்ளங்கையில் சுழலும். கம்பில் தவறு நேர்ந்தால் முழங்கையில் வீக்கம், வாளில் தவறு நேர்ந்தால் தையல். தவறு செய்யாமல் யாரும் கற்பதில்லை என்பதால், தவறைப் பொறுத்துக்கொள்ளும் ஆயுதத்தில் தொடங்குவதே சரி. கேரளக் களரியிலும் மெய்த்தாரி என்னும் உடற்பயிற்சி, பிறகு கோல்த்தாரி என்னும் மர ஆயுதங்கள், அதற்குப் பிறகே அங்கத்தாரி என்னும் இரும்பு ஆயுதங்கள் என்ற வரிசைதான்.

இடம்: நீட்டிய கையும் கம்பும் சேர்ந்து இரண்டு மீட்டர் ஆரம். ஆக, ஒருவருக்கு நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் வெற்றிடம் வேண்டும். வீட்டுக் கூரை பொதுவாக பத்தடி. தலைக்கு மேல் கம்பைச் சுழற்றினால் மின்விசிறி தப்பாது. மொட்டைமாடியில் பழகினால் துணிக்கொடிக் கம்பியையும் அருகில் போகும் மின்கம்பியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரக் கம்பும் மின்கம்பியும் உயிருக்கு ஆபத்து.

3. ஆசானைத் தேடுங்கள், ஆயுதத்தை அல்ல

வகுப்பில் சேரும் முன் ஒரு நாள் முழு வகுப்பையும் ஓரமாக நின்று பாருங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. முதல் அரை மணி நேரம் காலடியும் உடல் தளர்த்தலும் நடக்கிறதா? புதியவர்களும் பழையவர்களும் போதிய இடைவெளி விட்டு நிறுத்தப்படுகிறார்களா? யாருக்காவது அடிபட்டால் ஆசான் ஆட்டத்தை நிறுத்துகிறாரா, சிரித்துக்கொண்டு போகிறாரா? மூன்றாவது கேள்விக்கான விடையே வகுப்பின் தரத்தைச் சொல்லிவிடும்.

மாதக் கட்டணம் சிற்றூர்களில் 300 ரூபாயிலிருந்து தொடங்கும், பெருநகரங்களில் 1,000, 1,500 வரை போகும். சேர்க்கைக் கட்டணம், சீருடை, ஆண்டுச் சந்தா, பட்டை (பெல்ட்) தேர்வுக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதக் கட்டணம் குறைவாக இருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு என்று வசூலிக்கும் இடங்கள் உண்டு. ஓராண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சேரும்போது ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ் நகல், இரண்டு மூன்று புகைப்படம், பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதல் கடிதம் ஆகியவை போதும். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, பழைய தோள்பட்டை விலகல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தால் சேரும் முன் போட்டுக்கொள்ளுங்கள். மூங்கில் சிலாம்பு ஏறுவதும் கீறல் படுவதும் அன்றாடம் நடப்பது.

4. கம்பைத் தேர்ந்தெடுங்கள்

இதில்தான் நிறைய ஏமாற்றம் நடக்கிறது, எனவே விரிவாகவே சொல்லலாம்.

நீளம்: வெறுங்காலில் நிமிர்ந்து நின்று கம்பைத் தரையில் ஊன்றுங்கள். மேல்நுனி உங்கள் நெற்றியைத் தொட வேண்டும். ஐந்தரை அடி என்ற கணக்கு நடுத்தர உயரமுள்ள பெரியவருக்கானது. சிறுவர்களுக்கு அவரவர் நெற்றி உயரமே அளவு. "வளரும் பிள்ளைதானே" என்று நீளமாக வாங்கிக் கொடுத்தால், சுற்றும்போது நுனி தரையில் இடித்து மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். கம்பு ஒன்றும் பெரிய செலவில்லை.

பருமன்: கட்டைவிரலும் நடுவிரலும் கம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட வேண்டும். பெரியவர்களுக்கு 25 மி.மீ., சிறுவர்களுக்கு 18 முதல் 20 மி.மீ. வசதி. விரல்கள் சேராத தடிமனான கம்பில் பிடி இறுகிவிடும், வீச்சு திரும்பாது.

வகை: கடைகளில் பெரும்பாலும் பிரம்பும் கெட்டி மூங்கிலும் கிடைக்கும். பிரம்பு வளையும், அடியின் அதிர்வை உள்வாங்கும். பழசானால் நாராகப் பிரியுமே தவிர கூராக உடையாது. அதனால் எதிராளியோடு ஆடுவதற்குப் பிரம்பே பாதுகாப்பு. கெட்டி மூங்கில், அதாவது உள்ளே துளை இல்லாத கல்மூங்கில், விறைப்பாக நிற்கும், வேகமும் ஓசையும் நன்றாக வரும். ஆனால் வெடித்தால் விளிம்பு கத்தியாகும். இரண்டு வாங்க வசதி இருந்தால் தனிப் பயிற்சிக்கு மூங்கில், ஆட்டத்துக்குப் பிரம்பு. ஒன்றுதான் என்றால் பிரம்பு.

கடையில் செய்ய வேண்டிய சோதனை:

சமதளத்தில் உருட்டுங்கள். குதித்துக் குதித்து உருண்டால் வளைவு இருக்கிறது. லேசான வளைவைத் தணலில் வாட்டி நிமிர்த்தலாம். கணுவில் உள்ள வளைவு நிமிராது, நிமிர்த்தினாலும் திரும்ப வரும்.

இரண்டு நுனிகளையும் பாருங்கள். முடிபோன்ற கோடு இருந்தாலும் வேண்டாம். முதல் பத்து முறை அடிப்பதற்குள் அது விரிசலாகும்.

கம்பைத் தட்டினால் மெல்லிய மஞ்சள் தூள் உதிர்கிறதா, ஊசிமுனை அளவு துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே பூச்சி அரித்திருக்கிறது. இளம் மூங்கிலை வெட்டி விற்கும்போது இது அதிகம் நேரும். மூன்று ஆண்டு முற்றாத மூங்கிலில் மாவுச்சத்தும் ஈரமும் மிகுதி. பூச்சிக்கு அதுவே தீனி. பச்சை நிறம் மாறாத, கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் மூங்கிலைத் தவிர்த்துவிடுங்கள்.

வார்னிஷ் பூசிப் பளபளக்கும் கம்பைக் கவனமாகப் பாருங்கள். விரிசலையும் துளையையும் அது மறைக்கும், வியர்த்த கையில் வழுக்கவும் செய்யும்.

நல்ல பிரம்புக் கம்பு ஏறத்தாழ 250 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். இணையத்தில் வாங்கினால் அனுப்பும் செலவு கம்பின் விலையைத் தொட்டுவிடும், நேராக வந்துசேரும் என்ற உறுதியும் இல்லை. செலவைக் குறைக்க இரண்டு துண்டாக அனுப்பித் திருகாணியில் பொருத்தும் கம்புகள் மேடை ஆட்டத்துக்குப் பரவாயில்லை. மோதினால் முதலில் முறிவது அந்த இணைப்புதான், முறிந்த பாதி எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பிவிசி குழாய் மலிவு என்று எடுக்காதீர்கள். வெயிலில் காய்ந்த குழாய் சில்லாகச் சிதறும்.

5. வாங்கியதும் பதப்படுத்துங்கள்

முதல் நாள்: நயமான உப்புத்தாளால் முழு நீளமும் ஒரே திசையில் தேயுங்கள். கணுக்களில் மேடு இருந்தால் சமமாக்குங்கள், ஆனால் மூங்கிலின் வழவழப்பான மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். பலம் அந்தத் தோலில்தான்.

இரண்டாம் நாள்: வேப்பெண்ணெயும் நல்லெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்துப் பூசுங்கள். நுனிகளை ஐந்து நிமிடம் எண்ணெயில் ஊற வையுங்கள். ஈரம் உறிஞ்சுவது வெட்டுவாய் வழியாகத்தான். ஒரு நாள் நிழலில் காய்ந்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். அதன் பிறகு மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை பூசினால் போதும்.

நுனிகளில் பூண் (உலோக வளையம்) போடலாமா என்று கேட்பார்கள். பித்தளை, செம்புப் பூண் நுனி பிளக்காமல் காக்கும். தனியாகச் சுற்றுவதற்கு நல்லது. ஆட்டத்துக்குப் பூண் போட்ட கம்பைக் கொண்டுவரவே கூடாது. அங்கே நுனியில் இரண்டு அங்குலம் துணிநாடா சுற்றுங்கள்.

சுவரில் சாய்த்து வைத்தால் ஒரே மாதத்தில் வளையும். படுக்கவைத்து வையுங்கள், அல்லது நுனியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவைத்தால் மூங்கில் வெடிக்கும்.

6. முதல் ஆறு மாதத்தில் எதை எதிர்பார்க்கலாம்

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் சலாம் வரிசையும் (தொடக்க வணக்க அசைவுகள்) காலடியும். கம்பு இரண்டாம் வாரத்தில்தான் கைக்கு வரும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் ஒற்றைக் கம்பு வீச்சு, இருபுறமும். வலக்கைக்காரர்கள் இடக்கையைத் தள்ளிப்போடுவார்கள். பிறகு அதற்காகவே மூன்று மாதம் செலவழிக்க வேண்டியிருக்கும். நான்காம் மாதத்திலிருந்து அடியும் தடுப்பும் சொல்லிவைத்து மாறி மாறி, மெதுவாக. ஆறாம் மாதம் முடியும்போது நகர்ந்துகொண்டே கம்பை நிறுத்தாமல் மூன்று நிமிடம் வீச முடிந்தால் நல்ல வேகத்தில் வளர்கிறீர்கள்.

இந்தக் காலத்தில் வழக்கமாக நடக்கும் தவறுகள்: கம்பை இறுக்கிப் பிடிப்பதால் கட்டைவிரல் அடியில் கொப்புளம் வரும். பிடி தளர்வாக இருந்து, அடி விழும் நொடியில் மட்டும் இறுக வேண்டும். தோளிலிருந்து வீசினால் தோள்பட்டை பிடிக்கும். சுழற்சி மணிக்கட்டிலும் இடுப்பிலும் இருக்க வேண்டும். காலைப் பார்த்துக்கொண்டே நகர்வது இன்னொன்று. எதிராளியோடு நிற்கும்போது அந்தப் பழக்கம் அடி வாங்கித் தரும். ஒற்றைக் கம்பு கைவராமல் இரட்டைக் கம்புக்குத் தாவுவதும், விழாவுக்காக நெருப்புக் கம்பு எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

7. எதிராளியோடு ஆடும் முன்

முகமூடிக் கம்பியுள்ள தலைக்கவசம், மார்புக்கவசம், விரல்களை மூடும் கையுறை, முழங்கால் முதல் கணுக்கால் வரையிலான கவசம், ஆண்களுக்கு அடிவயிற்றுக் கவசம். மொத்தமாக 3,000 முதல் 6,000 ரூபாய் ஆகலாம். வகுப்பில் பொதுவாக வைத்திருப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வாங்க முடியாது என்றால் தலைக்கவசமும் கையுறையும் முதலில். தடுக்கும்போது எதிராளியின் கம்பு உங்கள் கம்பின் மேல் வழுக்கிவந்து விரலில் முடிவதுதான் அடிக்கடி நடக்கும் காயம். இருசக்கர வாகனத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு ஆடாதீர்கள். பக்கப் பார்வை மறையும், முன்கண்ணாடி உடைந்து கண்ணில் படும்.

தலையில் பலமான அடி விழுந்து வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்பாவை பெரிதாவது ஏதாவது தெரிந்தால் 108-ஐ அழையுங்கள். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடுவதற்கு அது இடமில்லை.

8. வாளுக்குப் போகும் நேரம்

குறைந்தது ஓராண்டு கம்பு பழகி, வேகத்திலும் கம்பை நினைத்த இடத்தில் நிறுத்த வருகிறது என்றால் வாள் எடுக்கலாம். அதற்கும் மூன்று படி உண்டு.

முதல் படி மரவாள். இரண்டரை அடிப் பிரம்புத் துண்டே போதும். அதன் ஒரு பக்கம் முழுக்க நிற நாடா ஒட்டுங்கள். அந்தப் பக்கம்தான் விளிம்பு. வீசி நிறுத்தும்போது நாடா அடி போகும் திசையைப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். இதை மூன்று மாதம் செய்தால் இரும்பு வாள் கையில் திரும்பாது. செலவு 100 ரூபாய்கூட இல்லை.

இரண்டாம் படி மழுங்கிய இரும்பு வாள். விளிம்பு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. தடிப்பு இருக்க வேண்டும், நுனி உருண்டிருக்க வேண்டும். வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது அலகின் பின்தண்டு. அலகே ஒரே இரும்பாகக் கைப்பிடிக்குள் முழுவதும் போக வேண்டும். அலங்கார வாள்களில் மெல்லிய கம்பியை அலகோடு பற்றவைத்து, கைப்பிடிக்குள் மறை (நட்) போட்டு முறுக்கியிருப்பார்கள். பத்து இருபது வீச்சில் பற்றவைப்பு விட்டு அலகு தனியே பறக்கும். கைப்பிடியை இறுகப் பிடித்து அலகை உள்ளங்கையால் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகு சுவரில் மாட்டத்தான். அந்த நீளத்தில் அது மோதினால் ஒடியும். லாரியின் பட்டைச் சுருளை (லீஃப் ஸ்பிரிங்) அடித்துச் செய்யும் வாளே தாங்கும். அது துருப்பிடிக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் வியர்வையைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசியே உறையில் இட வேண்டும்.

மூன்றாம் படி சுருள்வாள். நான்கு, ஐந்து அடி நீள மெல்லிய தகடு வளைந்து திரும்பி வரும். காது, முதுகு, கெண்டைக்கால் எங்கும் படலாம். முதலில் அதே நீளக் கயிற்றிலோ துணி நாடாவிலோ மாதக்கணக்கில் பழகி, கயிறு உடம்பைத் தொடாத நிலை வந்த பிறகே தகட்டைத் தொடுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, பார்வையாளர்கள் ஐந்து மீட்டருக்கு அப்பால். இதை எதிராளியோடு ஆடவே வேண்டாம்.

வாளோடு முழு வேகத்தில் எதிராளியை எதிர்கொள்ளத்தான் ஆசை என்றால், அதற்கென்றே விதிகளும் உடைகளும் உள்ள வாள்சண்டை (ஃபென்சிங்) விளையாட்டுக்குப் போவது நல்லது. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியது அதன் சேபர் பிரிவில்தான். சேபர் வாளின் எடை 500 கிராமைத் தாண்டக் கூடாது, அலகின் நீளம் 88 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். முகமூடி, மேலாடை இல்லாமல் களத்தில் இறங்கவே முடியாது.

9. சட்டம் என்ன சொல்கிறது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு, வேளாண் பயன்பாட்டுக்கு மட்டுமே உரிய பொருள்களை ஆயுதம் என்ற விளக்கத்திலிருந்து விலக்குகிறது. லத்தியையும் சாதாரணக் கைத்தடியையும் அங்கே எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லியே குறிக்கிறது. வாள் அப்படியல்ல. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வாள், ஈட்டியோடு சேர்த்து ஆயுத விதிகளின் ஐந்தாம் வகைப் பட்டியலில் வருகின்றன. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் அவற்றை வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆகவே இரும்பு வாள் வாங்கும் முன் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ கேட்டுவிடுங்கள். "மழுங்கியதுதானே" என்ற கடைக்காரர் பேச்சு சோதனைச் சாவடியில் உதவாது. வாள் வகுப்பிலேயே இருப்பது நல்லது. போட்டிக்குக் கொண்டுபோனால் ரசீது, வகுப்பின் கடிதம், போட்டி அழைப்பு மூன்றையும் உறையோடு வைத்திருங்கள்.

தேர்தல், திருவிழா, பதற்றமான நாள்களில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவின் கீழ் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144) தடை உத்தரவு போடும்போது கம்பும் அதில் சேரலாம். அந்நாள்களில் தெருவழியே கம்போடு கூட்டமாகப் போகாதீர்கள்.

10. தற்காப்பு என்று வரும்போது

ஐந்தரை அடிக் கம்பை யாரும் கடைவீதிக்குத் தூக்கிப்போவதில்லை. தற்காப்புக்காகப் பழகுகிறவர் இரண்டாம் ஆண்டில் குறுங்கம்பு கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு முதல் மூன்றடி. குடை, கைத்தடி, விளக்குமாற்றுக் கட்டை எதிலும் அதே அடியும் தடுப்பும் வரும். நெடுங்கம்பு தருகிற உண்மையான சொத்து தூரக் கணக்கும் காலடியும். அவை வெறுங்கையோடு இருக்கும்போதும் கூடவே இருக்கும்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. 37-ஆம் பிரிவு இரண்டு வரம்பு வைக்கிறது. காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை. காத்துக்கொள்ளத் தேவைப்படுவதற்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவிப்பது 118-ஆம் பிரிவில் குற்றம். சாதாரணக் காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, கொடுங்காயத்துக்கு ஆயுள் வரை போகலாம். கம்பால் முன்கையிலோ முழங்காலுக்குக் கீழோ அடித்து விலகி ஓடுவதை இந்த வரம்புக்குள் நின்று விளக்க முடியும். வாளால் வெட்டியதை அப்படி விளக்குவது மிகக் கடினம். வீட்டில் தற்காப்புக்கென்று வாள் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதும். கம்பாலும் தலையிலும் கழுத்திலும் அடிக்காதீர்கள்.

நடைமுறை வரிசை: தூரத்தை விடாதீர்கள், உரக்கக் கத்துங்கள், வழி கிடைத்ததும் ஓடுங்கள், 112-ஐ அழையுங்கள். உங்களுக்குச் சிறு காயமே என்றாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். முதலில் புகார் கொடுப்பவர் எதிர்த்தரப்பாக இருந்தால், தற்காத்துக்கொண்டவர்தான் குற்றவாளியாக நிற்க நேரிடும்.

11. போட்டியும் சான்றிதழும்

மத்திய விளையாட்டு அமைச்சகம் சிலம்பத்தை கேலோ இந்தியா திட்டத்தில் சேர்த்திருக்கிறது. முதலமைச்சர் கோப்பையிலும் சிலம்பம் உண்டு. சிலம்பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன, எல்லாச் சங்கத்தின் சான்றிதழும் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பணம் கட்டும் முன் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில், "இந்தப் போட்டிச் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்கு ஏற்கப்படுமா?" என்று நேரில் கேளுங்கள். பல ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, ஐந்நூறு பிள்ளைகளை ஒரே நேரத்தில் சுற்றவைத்து "உலக சாதனை" என்று தாள் கொடுக்கும் நிகழ்ச்சிகளால் பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி கிடைக்கலாம். வேலைக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ அதை நம்பாதீர்கள்.

வயதுப் பிரிவுக்குப் பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தோ பிறந்த தேதியோ மாறியிருந்தால் பதிவிலேயே தள்ளிவிடுவார்கள். திருத்தம் செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் போட்டி அறிவிப்புக்காகக் காத்திராமல் இப்போதே சரிசெய்யுங்கள். பள்ளி மாணவர் என்றால் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட படிப்புச் சான்றும் வேண்டும்.

12. பயணத்தில்

பேருந்தில் கம்புகளைத் துணி உறையிட்டு, இரு முனையும் கட்டி, இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் வையுங்கள். மேல் தட்டில் வைத்தால் திருப்பத்தில் உருண்டு விழும். ரயிலில் கீழ்ப் படுக்கையின் அடியில் ஐந்தரை அடிக் கம்பு அடங்கும். விமானத்தில் கம்பும் வாளும் கைப்பையோடு ஏறாது, பதிவுச் சரக்கில்தான். நீளத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்கலாம், அதனால் பயணச்சீட்டு எடுக்கும்போதே அளவைச் சொல்லிக் கேளுங்கள். குழுவாகப் போனால் பத்து கம்பை ஒரே கட்டாகக் கட்டி, நுனிகளுக்கு அட்டை சுற்றி, ஒரே பெயரில் பதிவது செலவு குறைவு. போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு கம்பையும் உருட்டிப் பார்த்து, நுனியில் விரல் ஓட்டி, புது விரிசல் உள்ளதை ஆட்டத்துக்கு எடுக்காமல் தனியே வைத்துவிடுங்கள்.